குழலில் நின்ற வேட்டு

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், ரகுபதி தன் தந்தையின் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலிருந்து மீட்டுக்கொண்டு அரியநல்லூர் வந்து சேர்ந்தான். வண்டியை ஓட்டிவந்தவன் அவன் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் அய்யாத்துரை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டர். பின்னால் அமர்ந்திருந்த ரகுபதி, உரச்சாக்கில் சுற்றிய துப்பாக்கியைத் தொடைமேல் குறுக்கே கிடத்தி, இடக்கையால் அணைத்திருந்தான். வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. முந்தைய ஆண்டுச் சித்திரையில் ஒரு பிரஸ் எந்திரம் அவற்றைக் கொண்டுபோயிற்று. காயம் ஆறியபின் கம்பெனி அவனைச் சில மாதம் ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தது. பிறகு கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டது.

சாக்கைப் பிரித்தபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அம்சவல்லி எழுந்துவந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது? துப்பாக்கியா, கெணத்துல கெடந்த குழாயா?”

“ஸ்டேஷன் பின்னாடி ரூம்ல ஓட்டுல ஓட்டை. அதுக்கு நேர் கீழ சாத்தி வெச்சிக்கிறாங்க. மூணு மழ தின்னுட்டுக்கீது.”

“உங்கப்பாரு தெனம் எண்ண போட்டுத் தொடச்சி வெச்சாரே. இத்தப் பாத்தா செத்துருவாரு.”

“அவருதான் ஏற்கெனவே செத்துட்டாரே மதினி,” என்றான் அய்யாத்துரை, கால்சட்டைச் சேற்றைத் தட்டிக்கொண்டே.

“நீ சும்மா இரு தம்பி. போய்க் கால் கழுவிகினு வா, சோறு ஆறுது.”

துப்பாக்கி ஓர் ஆளின் மார்பு உயரம் இருந்தது. பின்புறம் திறந்து தோட்டா இடும் வகையன்று. வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கஜக்கோல் என்னும் இரும்புக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் பழைய வகை. விசையை இழுத்தால் குதிரை என்னும் சுத்தி, கேப்பு என்னும் சிறு வெடிமூடியை அடித்து மருந்தைப் பற்றவைக்கும். நூக்கு மரக் கட்டையின் அடிப்பாகத்தைச் செல் அரித்திருந்தது. குழலின் மேல் துரு, பலாப்பழத் தோல்போல் முள்முள்ளாய் எழும்பியிருந்தது. குழலுக்கு அடியில் செருகியிருந்த கஜக்கோலின் தலையிலிருந்த பித்தளைப் பூண் மட்டும் களிம்பேறியும் கெடாமல் இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், உரிமம் பெற்ற ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்ன வழக்கப்படி, ரகுபதியின் தந்தை எத்திராஜ் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தேர்தல் முடிந்து ஆடியில் அவர் காலமானார். உரிமம் மகன் பெயருக்கு மாறுவதற்குள் இரண்டு தைமாதங்கள் கழிந்துவிட்டன.

கழிந்தவை தைமாதங்கள் என்பதுதான் அந்த வீட்டின் கவலை.

அரியநல்லூரில் கோயில்கொண்ட கரியமாணிக்கப் பெருமாள், தை இரண்டாம் நாள் வேட்டைக்கோலம் பூண்டு, குதிரை வாகனத்தில் ஏறி, ஏரிக்கரை நாற்கால் மண்டபத்துக்கு எழுந்தருள்வார். அந்தப் பார்வேட்டையில் மூன்று வேட்டு உண்டு. குழலில் குண்டு இடுவதில்லை, வெறும் மருந்துதான். முதல் வேட்டுக்குக் கானம் விழிக்கும். இரண்டாம் வேட்டுக்கு ஒளிந்துகிடக்கும் உயிர்கள் வெளிப்படும். மூன்றாம் வேட்டு முழங்கியபின்பே பெருமாளின் திருக்கை அம்பைப் பட்டர் எடுத்துத் திசை நோக்கி விடுவார். கொல்வதற்கு அன்று அந்த வேட்டை. இருளில் பதுங்கிய உயிரைத் தன் கண்ணெதிரே வரவழைத்து ஆட்கொள்ளும் வேட்டை என்று பெரியோர் அதற்குப் பொருள் சொல்வர். வேட்டு முடிந்ததும் பட்டர் “அருளப்பாடு!” என்று உரக்கச் சொல்லி, வேட்டுப் போட்டவனைப் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவன் வாய் பொத்தி “நாயிந்தே” என்று விடை சொல்லி, முன்வந்து, தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்வான்.

அந்த உரிமை எத்திராஜ் வீட்டுக்கு உரியது. தொடர்ந்து மூன்று தை தவறினால் அது அடுத்த பங்காளிக்குப் போகும் என்பது ஊர்க்கட்டு. இரண்டு தவறிவிட்டன. அந்த இரண்டிலும் எத்திராஜின் தம்பி மகன் தமிழ்வாணன் அதிர்வேட்டு வெடித்து இடத்தை நிரப்பினான். மனை வாங்கி விற்பவன். பட்டாசுக்குக் குறைவைப்பவன் அல்லன்.

ரகுபதியின் நிலம் தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. விரல்கள் போயின, வேலை போயிற்று. அம்சவல்லி ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கி வீட்டை நடத்திவந்தாள். ஆண்டுக்கு ஒருமுறை பெருமாள் சந்நிதியில் தன் பெயர் உரக்க அழைக்கப்படும் உரிமை ஒன்றே அவனிடம் மிச்சம். அதையும் அவன் இதுவரை ஒருநாளும் அனுபவித்ததில்லை. தந்தை இருந்தவரை தந்தையின் பெயரே அழைக்கப்பட்டது.

*

சென்னையில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் குழலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். “கண்ணாடிப் பொட்டியில வெச்சிப் பூ போடுங்க,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அய்யாத்துரைக்கு அது பொறுக்கவில்லை. “அவன் கெடக்கான் அண்ணாச்சி. துருன்னா என்ன, இரும்புக்கு வந்த சொறிதான? சொறிஞ்சி விட்டாப் போவுது. நான் பாத்துக்கிடுதேன்.”

“ஆசிட்ல போட்டா ஒரே நாள்ல பூடும்னு சொல்றாங்களே?”

“துருவும் போவும், கொழலும் போவும். எங்க கம்பெனில அப்பிடி ஒரு லாட்டே போச்சி. பைய பைய எடுப்போம்.”

ஷிஃப்ட் முடிந்த மாலைகளில் வேலை நடந்தது. மண்ணெண்ணெயும் எந்திர எண்ணெயும் கலந்து குழலின் மேல் ஊற்றித் துணி சுற்றி ஊறவைத்தார்கள். பின்பு கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள். ரகுபதி குழலை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இடக்கையால் தேய்ப்பான். எஞ்சிய மூன்று வலக்கை விரல்களும் குழலை உருட்டிக் கொடுக்கும். துரு கரைந்த எண்ணெய் செம்மண் குழம்பாய் வழிந்தது. கார்த்திகை மாதம் முழுவதும் அந்த வீட்டுச் சாப்பாட்டில் மண்ணெண்ணெய் வாடை வீசியது.

“காரக்கொழம்பு வெச்சனா, ஸ்டவ்வக் கரைச்சி ஊத்தனனான்னு எனக்கே தெரியில,” என்றாள் அம்சவல்லி.

“நல்லாத்தான் இருக்கு மதினி. எங்க ஊர்ல தேங்காப்பால்ல சொதின்னு ஒண்ணு வைப்பாவ. அதுக்கு இது எவ்வளவோ தேவல.”

“உங்க ஊர்ப் பொம்பளைங்க இத்தக் கேட்டா வெளக்கமாத்தாலதான் சோறு போடுவாங்க.”

ரகுபதி அப்போதெல்லாம் சிரித்தான். விபத்துக்குப் பின் அவன் சிரிப்பதை அம்சவல்லி பார்த்து நாளாகியிருந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

வெளித்துரு போயிற்று. உள்துருவை எடுக்க, குழலின் அடியைத் திருகி மூடியிருந்த இரும்புத் திருகைக் கழற்ற வேண்டும். அது அசையவில்லை. அய்யாத்துரை வாய்வழியே கஜக்கோலை இறக்கிப் பார்த்தான். அது அடிவரை போகாமல் ‘நங்’ என்று நின்றது.

“உள்ள துரு கட்டி அடச்சிருக்கு. சூடு காட்டினா திருகும் வரும், அடப்பும் வரும்,” என்றான்.

மார்கழி பிறந்த முதல் ஞாயிறன்று வெல்டிங் பட்டறையிலிருந்து கேஸ் டார்ச்சை இரவல் வாங்கிவந்தான். வீட்டுக்குப் பின்புறம், துவைகல்லின்மேல் குழலைச் சாய்த்துவைத்தான். கஜக்கோல் அதன் வாயில் செருகியபடியே நின்றது. ரகுபதி வாய்ப்பக்கம் நின்று குழலைப் பற்றிக்கொண்டான். டார்ச் சீறிப் பற்றி, தீ நீலமாய் ஒடுங்கியது.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் தீயின்மேல் போகவில்லை. குழலின் வாய்க்கு மேலே, நாலு விரற்கடை உயரத்தில், பித்தளைப் பூண் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

“தம்பி! நெருப்ப அணை! அணைடான்றேன்!”

அவள் அவனை ‘டா’ போட்டது அதுவே முதல்முறை. அய்யாத்துரை திகைத்து டார்ச்சை மூடினான்.

“என்ன மதினி?”

“அது கெட்டிச்சிக்கீது. உள்ள மருந்து கீது.”

“மருந்தா? ஸ்டேஷன்ல பாக்காமலா வாங்கி வச்சிருப்பாவ?”

“இன்னாத்தப் பாப்பாங்க? பின்னாடி தொறக்குற துப்பாக்கியா இது? கேப்பு இல்லாம விசையை இழுத்திருப்பாங்க. சத்தம் வரல, ஓரமா வெச்சிருப்பாங்க.” அவள் மொச்சைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். “பூணப் பாரு. வருசா வருசம் கெட்டிக்கிறதுக்கு முன்னாடி மாமா இந்தக் கோல உள்ள வுட்டுப் பாப்பாரு. பூணு வாயில வந்து குந்திச்சின்னா வயிறு காலின்னுவாரு. இப்பப் பாரு, நாலு வெரலு மேல நிக்கிது.”

ரகுபதி குழலிலிருந்து கையை எடுக்கவில்லை. “உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நார் பிரிச்சிக் குடுக்குறது யாரு? நானு. நீங்கதான் பொங்கல்னா டபுள் ஓவர்டைம்னு கம்பெனிக்கு ஓடிருவீங்களே.”

அய்யாத்துரை துவைகல்லின் அருகே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குழலின் வாய் எத்திசை நோக்கியிருந்தது என்பதை அப்போதுதான் மூவரும் கவனித்தார்கள். அது ரகுபதியின் நெஞ்சுக்கு ஒரு சாண் பக்கவாட்டில் இருந்தது.

“ஏ யப்பா,” என்றான் அய்யாத்துரை. பிறகு, “மதினி, குடிக்கத் தண்ணி குடுங்க,” என்றான்.

*

குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி மூலையில் நிறுத்தினார்கள். நாளுக்கொருமுறை நீரை மாற்றினார்கள். ஒரு மெல்லிய கம்பியின் நுனியை அய்யாத்துரை திருகாணிபோல் முறுக்கிக் கொண்டுவந்தான். நீரை வடித்துவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, அதை உள்ளே செலுத்தித் திருகினான். முதலில் நார் வந்தது. முழுசாய், ஒரு குருவிக்கூட்டின் அளவில், துருவேறிச் சிவந்து வந்தது. பிறகு மருந்து கருஞ்சேறாக ஒழுகியது. அதைப் பழைய செய்தித்தாளில் வடியவிட்டார்கள். அம்சவல்லி அதைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள்.

“குண்டும் இல்ல, ரவையும் இல்ல. பயிர மேய வர்ற பன்னிக்குப் போட்டதில்ல இது. பெருமாளுக்குப் போட்டது.”

அந்நேரம் தமிழ்வாணன் வந்தான். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு கைப்பேசி. சேதி விசாரிக்க அடிக்கடி வருவான். அக்கறையா, ஆசையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“அண்ணாத்த, இன்னா இது, கருவாட்டுக் கொழம்பக் கொட்டிட்ட மாரி கீது?”

“அப்பா கெட்டிச்ச மருந்து. உள்ளயே கெடந்திச்சி.”

“எப்பக் கெட்டிச்சது?”

“நெலம் போனப்புறம் பார்வேட்டைக்குத் தவுர அவரு இத்த எடுக்கவேயில்லயே,” என்றாள் அம்சவல்லி. “அப்ப, கடைசியாப் போட்ட வருசத்துதுதான். ஆனா அந்த வருசந்தான் மூணும் வெடிச்சிதே? கோயிந்தா போட்டமே?”

தமிழ்வாணன் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இருந்த கேலி மெல்ல வடிந்தது.

“அண்ணி, மூணாவது வெடிச்சது நானு.”

“நீயா?” என்றான் ரகுபதி.

“ஆமா. அன்னிக்குத்தான் மொதமொதல்ல நான் அதிர்வேட்டு கொண்ணாந்தேன். சாமி திரும்புறப்போ கொளுத்தலாம்னு வெச்சிருந்தேன். பெரியப்பா மூணாவதுக்குத் தூக்கறாரு, இந்தப் பசங்க திரியில நெருப்ப வெச்சிட்டானுங்க. டமால்னு போச்சி. ஜனம் கோயிந்தா கோயிந்தானு கத்துது. பட்டரு அம்ப வுட்டுட்டாரு. பெரியப்பா துப்பாக்கியத் தூக்கினாப்லயே என்னியப் பாத்தாரு. வெடியப் பக்கத்துல வெச்சதுக்குக் கோவம்னு நெனச்சேன். அவருது வெடிக்கவேயில்லன்னு எனக்கு இப்பதான் தெரியிது. சத்தியமா, அண்ணாத்த.”

“கேப்பு நமுத்துக்கும்,” என்றாள் அம்சவல்லி. “அன்னிக்கு ஒரே பனி. டப்பாவ இடுப்புல சொருவிகினு போனாரு.”

கேப்பு டப்பாவைக் கையில் உலர்வாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டியவன் மகன். அம்சவல்லி அதைச் சொல்லவில்லை. ரகுபதிக்குச் சொல்லவும் தேவையில்லை. அன்றைய தினம் அவன் கம்பெனியில் இருந்தான். பொழுது சாய்ந்து வீடு வந்தபோது தந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பரிவட்டம் அவர் தலையில் இல்லை; துப்பாக்கி மாட்டும் ஆணியில் மடிப்புக் கலையாமல் தொங்கியது. அந்தப் பரிவட்டத்தை அவர் மறுபடி தொடவில்லை. பார்வேட்டைக்கு வராத மகன்மேல் கோபம் என்று ரகுபதி எண்ணினான். அந்த எண்ணத்தோடே அவருக்குக் கொள்ளியும் வைத்தான்.

மூன்றாம் வேட்டு முழங்கியதாக ஊர் நம்பிவிட்டது; அம்பும் போய்விட்டது. அதன்மேல் ஒன்று வெடித்தால் அது நான்காவதாகும். பெருமாளுக்கென்று கெட்டித்ததைக் குடைந்தெடுத்து மண்ணில் கொட்டவும் அவருக்கு மனம் வரவில்லை போலும். வெடிக்காத வேட்டைச் சுமந்த துப்பாக்கியை அப்படியே அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார்.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்,” என்றான் ரகுபதி.

“எப்பச் சொல்றது? நீங்க வர்றப்ப அவரு தூங்கறாரு. அவரு எழுந்துக்கறப்ப நீங்க தூங்கறீங்க. ஷிஃப்ட்டு.”

தமிழ்வாணன் வழக்கமாகக் கேட்கும் காபியைக் கேட்காமலே போனான். அம்சவல்லி அந்த நாரை அலசி, மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் காயவைத்தாள்.

*

மருந்து கழிந்தபின் திருகு சூட்டுக்கு இணங்கிக் கழன்றது. அடிப்பக்கம் கைப்பேசி விளக்கை வைத்து வாய்வழியே பார்த்தால், மேல்பாதி குழல் தெளிந்து, அடிப்பாகம் மட்டும் அம்மைத் தழும்பாய்க் குழிந்திருந்தது. தண்ணீரும் மருந்தும் கூடிக் கிடந்த இடம் அது. அய்யாத்துரை உப்புத்தாள் சுற்றிய கோலால் உள்ளே பல நாள் தேய்த்தான். பிறகு எஃகு வளையம் ஒன்றைக் கடைந்து, பழுக்கக் காய்ச்சி, குழலின் அடிப்பாகத்தின்மேல் இறக்கினான். ஆறியதும் அது தோள்வளைபோல் இறுகப் பற்றிக்கொண்டது. கட்டையைச் செல் அரித்த அளவுக்கு வெட்டி, புதுத்துண்டு ஒட்டி, ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள்.

போகி நெருங்கிய ஒரு காலையில், ஏரிக்கரையின் உட்சரிவில் பழைய லாரி டயரோடு துப்பாக்கியைக் கட்டி, விசையில் கயிறு மாட்டி, கரைக்கு இப்புறமிருந்து இழுத்தார்கள். வேட்டு முழங்கியது. கொக்குகள் எழுந்தன. குழல் தாங்கிவிட்டது.

ரகுபதி குழந்தைபோல் ஓடினான். அய்யாத்துரை ஓடவில்லை.

“பொறுங்க அண்ணாச்சி. இன்னொரு டெஸ்ட் கெடக்கு.”

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து இரண்டு தெளிப்பான்களை எடுத்தான். குழலின்மேல் சிவப்புச் சாயம் அடித்துத் துணியால் துடைத்தான். அதன்மேல் வெண்பொடி தெளித்துக் காத்திருந்தான். எங்கேனும் விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். வளையத்துக்குச் சற்று மேலே, வெண்மைக்கு நடுவில், செங்குத்தாய் ஒரு சிவந்த கோடு மெல்ல எழுந்தது.

“திருமண் இட்ட மாரி கீதே,” என்றாள் அம்சவல்லி மகிழ்ச்சியோடு.

“அது நாமம் இல்ல மதினி. வெடிப்பு.”

“அப்பிடின்னா?”

“எங்க கம்பெனியா இருந்தா இதுல செவப்பு டேக் கட்டி மூலைல போட்டுருவேன். மேலோட்டமாத்தான் இருக்கு. பாதி மருந்து போட்டா ஒருக்க தாங்கும். மூணுக்கு நான் பாஸ் போட மாட்டேன். அண்ணாச்சி மொகத்துக்குப் பக்கத்துல அது இருக்கும்.”

“ஒண்ணு தாங்குறது மூணு தாங்காதா?” என்றான் ரகுபதி.

“பிரஸ்ஸுல ஆயிரம் தடவ கைய வச்சி எடுத்தீய. ஆயிரத்தொண்ணாவது தடவ என்ன ஆச்சி?”

சொன்னபின் அய்யாத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டான். ரகுபதி கோபிக்கவில்லை. அம்சவல்லி குழலையும் கணவனின் கையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஒண்ணுதான். அதுக்கு மேல ஒண்ணு போட்டீங்கன்னா, அந்தத் துப்பாக்கியோடயே குடித்தனம் பண்ணிக்கங்க.”

அன்று மாலை ரகுபதி கோயிலுக்குப் போனான். வனமாமலை பட்டர் வேட்டைக்கோலத்துக்குத் திருவாபரணங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரே ஒரு வேட்டு போட்டா ஒத்துக்குவீங்களா?”

“மூணு வேட்டுடா ரகுபதி. உங்க அப்பனுக்குத் தெரியாத சம்பிரதாயமா? ஒண்ணு போட்டா பெருமாள் கோவிச்சுக்க மாட்டார், ஊர் கோவிச்சுக்கும். உரிமை போயிடும்.”

திரும்பும் வழியில் தமிழ்வாணன் வண்டியை நிறுத்தினான். விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

“அண்ணாத்த, பேஜாரே இல்ல. மொதல்ல நீ ஒண்ணு சுடு. மத்த ரெண்டுக்கும் நீ சும்மா தூக்கிப் புடி, நான் மறைவுல வெடிக்கிறேன். எவனுக்குத் தெரியப் போவுது? உரிமையும் உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு வோணாம். அன்னிக்குப் பண்ணதுக்கு இத்தையாவது பண்றேன்.”

ரகுபதி ஏரிப்பக்கம் பார்த்தான்.

“உன் மனசுக்குச் சொல்ற, தமிழு. ஆனா எங்கப்பா அந்தச் சத்தத்தத் தாங்காமதான பரிவட்டத்த அவுத்து மாட்டினாரு.”

*

தை இரண்டாம் நாள் பிற்பகல், கரியமாணிக்கப் பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளினார். தலையில் சாய்ந்த கொண்டை, இடையில் குறுவாள், திருக்கையில் வில்லும் அம்பும். முன்னே கோஷ்டியார் பாசுரம் ஓதிவர, பின்னே நாதஸ்வரம் தொடர்ந்தது. சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளும் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போகும் கம்பெனிப் பேருந்து ஒன்றும் ஒதுங்கி நின்றன. பேருந்துச் சன்னல்களில் வடநாட்டு இளைஞர்கள் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்கள். நாற்கால் மண்டபத்துக்குப் பின்னால் தொழிற்சாலையின் மதில் நீண்டு கிடந்தது. முன்னால் ஏரி, மழை ஓய்ந்து தெளிந்த நீரோடு விரிந்திருந்தது.

ரகுபதி புதுவேட்டி கட்டி, திருமண் இட்டு வந்தான். கண்களில் அய்யாத்துரை கொடுத்த தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடி. இடத்தோளில் வைத்துச் சுட்டால் குதிரை அடிக்கும் பொறி முகத்தின் பக்கம் தெறிக்கும் என்பதால் அம்சவல்லி அதைப் போடவைத்திருந்தாள்.

“இன்னாடா, வெல்டிங் பண்ண வந்தியா?” என்று கூட்டத்தில் எவனோ கேட்டான்.

வனமாமலை பட்டர் திரும்பினார். “கண்ணாடி போட்டுண்டு பெருமாளைச் சேவிக்கப்படாதுன்னு எங்கேயும் சொல்லலை. நீ வாயை மூடிண்டு சேவி.”

ரகுபதி பாதியளவு மருந்தைக் கொட்டினான். அம்சவல்லி முந்தானையில் முடிந்திருந்த நாரை எடுத்துக் கொடுத்தாள். காய்ந்தும் துருவின் சிவப்பு மாறாத அதே நார். அவன் அதைக் கண்டான். திணித்து இடித்தான். கேப்பு டப்பாவை நெஞ்சோடு அணைத்து அய்யாத்துரை பக்கத்தில் நின்றான்.

“எட்டப் போ,” என்றான் ரகுபதி.

“டப்பா புடிக்க ஆள் வேணும்லா?”

“ஒண்ணு குடுத்துட்டுப் போ.”

நாதஸ்வரம் நின்றது. ரகுபதி இடத்தோளில் கட்டையைப் பொருத்தி, மூன்று விரல் வலக்கையால் குழலைத் தாங்கி, ஏரி நோக்கி உயர்த்தினான். அம்சவல்லி கண்களை மூடவில்லை. இடக்கை விசையை இழுத்தது.

வேட்டு எழுந்து நீர்மேல் ஓடி, எதிர்க்கரையில் மோதி, மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. புகை விலகியபோது ரகுபதி நின்றபடியே நின்றான். குழல் முழுசாக இருந்தது.

“கோவிந்தா!” என்றது கூட்டம்.

பட்டர் இரண்டாம் வேட்டுக்குக் காத்திருந்தார். ரகுபதி துப்பாக்கியைத் தரையில் ஊன்றினான். கண்ணாடியைக் கழற்றினான்.

“என்னடா, கெட்டிக்கலையா?”

“முடிஞ்சிடுச்சி சாமி. இது மூணாவது.”

“என்ன உளர்றே? ஒண்ணுதானே போட்டிருக்கே.”

“ரெண்டு எங்கப்பா அன்னிக்கே போட்டுட்டாரு. மூணாவது கொழல்லயே நின்னுட்டுது. வெடிச்சது தமிழு வெடி. அவரு கடைசியா வந்த வருசத்து மூணாவது, சாமி, இது.”

கூட்டத்தில் எழுந்த சலசலப்பு பெருமாள்முன் அடங்கியது. முதியவரான பட்டரின் கை, அம்பின்மேல் வைத்தபடியே நின்றது.

“அப்போ அன்னிக்கு நான் விட்ட அம்பு?”

“அம்பு முன்னாடியே பூட்டுது. வேட்டு இப்பதான் போயிருக்குது.” பின்பு அவன் பங்காளியைத் தேடித் திரும்பினான். “தமிழு, இந்த வருசத்து மூணும் எங்கிட்ட இல்ல. ஊர்க்கட்டுப்படி உன்னுது. ஒளிஞ்சிகினு இல்ல, முன்னாடி வந்து கொளுத்து.”

பட்டர் பெருமாளின் திருமுகத்தை ஒருகணம் நோக்கினார். தட்டிலிருந்த பரிவட்டத்தை எடுத்தார். தளர்ந்த குரல் அவ்வளவு தூரம் எழும் என்று எவரும் எண்ணவில்லை.

“அருளப்பாடு! வேட்டு எத்திராஜ்!”

ரகுபதி பிறந்ததுமுதல் தன் பெயர் அங்கே ஒலிக்கக் காத்திருந்தவன். விரல் குறைந்த வலக்கையால் வாயைப் பொத்திக் குனிந்தான்.

“நாயிந்தே,” என்றான்.

பரிவட்டம் அவன் தலையில் ஏறியது. பின்னால் தமிழ்வாணனின் முதல் அதிர்வேட்டு முழங்கியது, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. பட்டர் அம்பை எடுத்து ஏரிக்கு மேலாக விட்டார். வாகனம் திரும்பியது. பேருந்து நகர்ந்தது.

அம்சவல்லி கஜக்கோலை எடுத்து நீட்டினாள். ரகுபதி அதை இன்னும் சூடாறாத குழலுக்குள் இறக்கினான். அது தடையின்றி அடிவரை சென்றது. பித்தளைப் பூண் குழலின் வாயில் வந்து அமர்ந்தது.